குடலை இட்லி, கோபுரக் கரை, அண்ணா நாடகம்... இதெல்லாம் யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போனவர்களுக்குக் குடலை இட்லியைத் தெரிந்திருக்கும். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையை விரித்து, மாவை ஊற்றி, நீளமாக அவித்தெடுப்பார்கள். அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய்... இவ்வளவுதான் சங்கதி. குடலை கிடைக்காதவர்கள் வீட்டில் டம்ளரில் ஊற்றி அவிக்கிறார்கள். யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு பக்குவம் சொல்லித் தருகிறார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால், எல்லோரும் மறக்காமல் ஒன்றைச் செய்கிறார்கள்: 'காஞ்சிபுரம் இட்லி' என்று ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

செய்முறை எல்லோருக்கும் பொது, பெயர் மட்டும் ஊருக்கு. இந்த எளிய ஏற்பாட்டைத்தான் இன்று உலகம் முழுக்க எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் புகைப்படக்காரர்களும் 'திறந்த உரிமம்' என்ற பெயரில் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். 'கட்டற்ற பண்பாட்டு இயக்கம்' என்று அதற்குப் பெயர்.

கேட்பதற்கு வெளிநாட்டுச் சமாசாரம் போலத் தெரியலாம். ஆனால், நம் ஊரில் இதற்கு 75 வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் காஞ்சிபுரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

'நெட்ல ஃப்ரீயா கிடைக்குது' என்பதும் 'இதை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்' என்பதும் ஒன்றில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதன்படி, நீங்கள் ஒரு கவிதை எழுதினாலும், கோலத்தைப் புகைப்படம் எடுத்தாலும், சமையல் குறிப்பை உங்கள் நடையில் எழுதினாலும் அந்த நிமிடமே அது உங்கள் சொத்து. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுத்தாளர் வாழும் காலம் முழுக்கவும், அவர் மறைந்த பிறகு 60 வருடங்களும் அந்த உரிமை இருக்கும். அதன் பிறகுதான் அது பொதுச் சொத்து.

குடலை இட்லிக்கு என்ன அளவு அரிசி, என்ன அளவு உளுந்து என்ற தகவலுக்கு உரிமை கிடையாது. ஆனால், ஒருவர் எழுதிய சமையல் புத்தகத்தின் வரிகளுக்கும், எடுத்த வீடியோவுக்கும் உரிமை உண்டு. இட்லியை நீங்களும் அவிக்கலாம். அவருடைய வீடியோவை எடுத்து உங்கள் சேனலில் போட முடியாது.

அப்படியென்றால், தான் எழுதியதை நாலு பேர் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று நினைக்கிற ஒருவர் என்ன செய்வார்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதிக் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு தன் வழியில் ஒரு பதில் கண்டுபிடித்தது. அதைத் தொடங்கிவைத்தது பாரதி.

பாரதிக்காக ஒரு 'விடுதலைக் கழகம்'

பாரதி 1921-ல் மறைந்தார். அவருடைய பாட்டுகள் சுதந்திரப் போராட்டத்தில் தெருத்தெருவாக ஒலித்தன. ஆனால், அவற்றின் உரிமை தனியார் கைகளில் இருந்தது. இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமையும் சினிமாவில் பயன்படுத்தும் உரிமையும் கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தன. 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள் ஒலித்தது அப்படித்தான். அடுத்து டி.கே. சண்முகம் சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமைப் பிரச்னை கிளம்பியது.

அப்போது எழுத்தாளர்கள் ஒன்றுகூடி 'பாரதி விடுதலைக் கழகம்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 'பாரதி பாட்டு ஒரு குடும்பத்துக்கோ ஒரு நிறுவனத்துக்கோ மட்டும் உரியதாக இருக்கலாமா, மக்களுக்கு வேண்டாமா?' என்பது அவர்களுடைய வாதம். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு, பாரதி படைப்புகளின் உரிமையை வாங்குவதாக அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் தன்னிடமிருந்த உரிமையைக் காசு வாங்காமலேயே விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்தாருக்குத் தொகை வழங்கப்பட்டது. பிறகு, பாரதி படைப்புகளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்று அரசு திறந்துவிட்டது.

ஓர் எழுத்தாளரின் உரிமையை அரசு வாங்கி மக்கள் கையில் கொடுத்தது உலகத்திலேயே இதுதான் முதல்முறை என்கிறார் வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி. இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் திறந்த உரிமத்துக்கான அமைப்பு தொடங்கப்பட்டது 2001-ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் எழுத்தாளர்கள் ஒரு கவிஞனின் பாட்டுக்கு 'விடுதலை' கேட்டுச் சங்கம் வைத்திருக்கிறார்கள்.

காஞ்சிக்காரர் அண்ணாவின் எழுத்து

பாரதியில் தொடங்கியது 'நாட்டுடைமை' என்ற பெயரில் இன்றுவரை தொடர்கிறது. அரசு ஒரு தொகையை எழுத்தாளரின் வாரிசுகளுக்குக் கொடுக்கும். அதன் பிறகு அந்த நூல்களை யாரும் வெளியிடலாம். பாரதிதாசன், புதுமைப்பித்தன், கல்கி என்று 150-க்கும் மேற்பட்டவர்களின் நூல்கள் இப்படிப் பொதுவுக்கு வந்திருக்கின்றன. 'பொன்னியின் செல்வன்' எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் வெவ்வேறு பதிப்பகங்களின் பெயரில், வெவ்வேறு விலையில் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

அந்த வரிசையில் காஞ்சிபுரத்துப் பிள்ளையும் ஒருவர். 1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை. 'திராவிட நாடு' வார இதழை 1942-ல் இந்த ஊரிலிருந்துதான் தொடங்கினார். அவர் எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தில் நடித்துத்தான் வி.சி. கணேசன் 'சிவாஜி' கணேசன் ஆனார். 'வேலைக்காரி', 'ஓர் இரவு' இரண்டும் நாடகமாக வந்து பிறகு சினிமாவும் ஆயின.

அண்ணா 1969 பிப்ரவரி 3-ல் மறைந்தார். அவருடைய நூல்கள் 1995-ல் நாட்டுடைமை ஆயின.

இதில் என்ன லாபம் என்று கேட்டால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மறைந்த பிறகு 60 வருடம் என்றால், 2029-ம் வருடம் முடியும்வரை அண்ணாவின் எழுத்துக்கு உரிமை பாக்கி இருந்திருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளி ஆசிரியை, செப்டம்பர் 15 விழாவுக்கு 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தை மாணவர்களை வைத்துப் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரதியை எடுக்கலாம். ஜெராக்ஸ் போட்டு மாணவர்களுக்குக் கொடுக்கலாம். நேரம் போதாதென்றால் சுருக்கலாம். வீடியோ எடுத்து யூடியூபில் போடலாம். யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. 'எழுதியவர்: அறிஞர் அண்ணா' என்று போட்டால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அண்ணாவின் வரிகள்தான் பொது. ஒரு பதிப்பகம் புதிதாக வரைய வைத்த அட்டைப்படமோ, இன்று ஒருவர் எழுதிய முன்னுரையோ, ஒருவர் குரல் கொடுத்துப் பதிவு செய்த ஒலிப்புத்தகமோ அவரவருக்குச் சொந்தம்.

வேண்டாம் என்றவர்களும் உண்டு

நாட்டுடைமை என்றால் எல்லோரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2009-ல் அரசு வெளியிட்ட பட்டியலில் கண்ணதாசன், சுந்தர ராமசாமி பெயர்களும் இருந்தன. இரண்டு குடும்பத்தாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் நூல்கள் விற்பனையில் இருந்தன, உரிமையை விட விருப்பமில்லை என்றார்கள். அரசும் வற்புறுத்தவில்லை.

இன்னொரு பக்கம், 2024-ல் முன்னாள் முதல்வர் மு. கருணாநிதியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது அவர் குடும்பத்தார் தொகை எதுவும் பெறவில்லை.

கொடுப்பதும் மறுப்பதும் உரிமையாளர் இஷ்டம். திறந்த உரிமத்தின் உயிரே இந்தச் சம்மதத்தில்தான் இருக்கிறது. நேற்று வந்த நாவலை ஸ்கேன் செய்து டெலிகிராம் குரூப்பில் போடுகிறவரிடம் இந்தச் சம்மதம் இல்லை. வார இதழ்களையும் அப்படியே பி.டி.எஃப். ஆக்கிச் சுற்றில் விடுகிறார்கள். படிக்கிறவருக்கு இரண்டும் இலவசம்தான். ஆனால், ஒன்றில் எழுதியவரே 'எடுத்துக்கோங்க' என்று சொல்லியிருக்கிறார். மற்றொன்றில் எழுதியவரின் மாத வருமானத்தில் கை வைக்கிறார்கள்.

புத்தகம் பொதுவானது... ஆனால் கைக்கு வந்ததா?

நாட்டுடைமை ஆகிவிட்டது என்பதற்காகப் புத்தகம் தானாக உங்கள் போனுக்கு வந்துவிடாது. யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். பிழை பார்க்க வேண்டும். அதைப் பைசா வாங்காமல் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

1998 பொங்கல் அன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்பினார்கள். யூனிகோடு பரவாத காலம் அது. ஒருவர் கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் எழுத்து இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தத் தொல்லையையும் தாண்டித்தான் சங்க இலக்கியமும் காப்பியங்களும் இணையத்துக்கு ஏறின. ஈழத் தமிழர்களின் நூல்களையும் இதழ்களையும் காப்பாற்ற 2005-ல் 'நூலகம்' திட்டம் வந்தது.

தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது. தமிழ் விக்கிமீடியா தன்னார்வலர்கள் அந்தக் கழகத்தோடு கைகோத்ததில், சுமார் 2,000 நூல்கள் 'விக்கிமூலம்' தளத்துக்கு வந்தன. அவற்றின் மேல் 'உலகளாவிய பொதுக்கள உரிமம்' என்ற அறிவிப்பும் தெளிவாக ஒட்டப்பட்டது. நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம்தான். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வையற்றவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டாது. எனவே அந்தப் படங்களை எழுத்தாக மாற்ற வேண்டியிருந்தது. கூகுளின் எழுத்துணரி வசதியைப் பயன்படுத்திப் பக்கம் பக்கமாக இதைச் செய்ய, கணினி நிரலாளர் த. சீனிவாசன் ஒரு மென்பொருள் எழுதினார். அதையும் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார். மிச்சமிருக்கும் பிழைகளைத் தன்னார்வலர்கள் இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். இதில் நீங்களும் சேரலாம். பத்தாம் வகுப்பு மாணவருக்கு இருக்கும் தமிழ் போதும்.

அதே சீனிவாசனும் நண்பர்களும் 2013-ல் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளத்தைத் தொடங்கினார்கள். இன்று எழுதிக்கொண்டிருப்பவர்கள், தாங்களே விரும்பித் திறந்த உரிமத்தில் கொடுத்த நூற்றுக்கணக்கான புத்தகங்கள் அங்கே இருக்கின்றன.

நான்கு நிபந்தனை, ஒரு சின்ன லேபிள்

எல்லோரும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்று சொல்கிறார்களே, அது என்ன? அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக்கும் நண்பர்களும் 2001-ல் தொடங்கிய அமைப்பு. 2002 டிசம்பரில் தங்கள் முதல் உரிமங்களை வெளியிட்டார்கள். வக்கீல் வைக்காமல், எழுதியவரே தன் படைப்பின் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும் என்ற அளவுக்கு விஷயத்தை எளிதாக்கியதுதான் அவர்கள் சாதனை.

நான்கே நான்கு நிபந்தனைகள். அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் ஆறு உரிமங்கள்.

பெயர் சொல்லுங்கள்: என் படைப்பை எடுத்தால் என் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஆறு உரிமங்களிலும் இது உண்டு.

அதே மாதிரி பகிருங்கள்: என்னுடையதை மாற்றி ஒன்று செய்தால், அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். விக்கிப்பீடியா இந்த முறையில்தான் இயங்குகிறது.

வியாபாரத்துக்கு வேண்டாம்: படிக்கலாம், பகிரலாம். காசு பார்க்கக் கூடாது.

மாற்ற வேண்டாம்: அப்படியே பகிரலாம். வெட்டி ஒட்டி வேறொன்றாக்கி வெளியிடக் கூடாது.

இவற்றைத் தவிர, 'எனக்கு எந்த நிபந்தனையும் இல்லை' என்று முழுசாக விடுவதற்கு 'சி.சி. ஜீரோ' என்று ஒன்று இருக்கிறது.

கடைசி இரண்டு நிபந்தனைகள் இருந்தால் கட்டற்ற பண்பாட்டுக்காரர்கள் அதைத் 'முழுச் சுதந்திரம்' என்று ஒப்புக்கொள்வதில்லை. அந்த லேபிள் உள்ள படத்தை விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாது. இருந்தாலும், ஒன்றுமே சொல்லாமல் விடுவதை விட இது எவ்வளவோ மேல். எடுக்கிறவருக்கு எல்லை எது என்று தெரிந்துவிடுகிறது.

பட்டுக்குப் பொருந்துமா?

இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் காஞ்சிபுரம் சேலையைப் பேசாமல் போக முடியாது. திறந்த பகிர்வு என்றால் நெசவாளர் டிசைனையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நியாயமானது.

கோபுரக் கரை, மயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, அன்னம், யாளி, பாலும் பழமும் கட்டம்... இவை எந்த ஒருவரும் 'நான் கண்டுபிடித்தது' என்று சொல்ல முடியாத டிசைன்கள். கோயில் தூணைப் பார்த்து ஒருவர் நெய்தார். அதைப் பார்த்து அடுத்த தறிக்காரர் நெய்தார். தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்து வளர்ந்த கலை இது. இந்தப் பகிர்வு இல்லாவிட்டால் காஞ்சிப் பட்டு என்று ஒன்றே உருவாகியிருக்காது.

ஆனால், அந்தப் பகிர்வு தறிக்காரர்களுக்குள் நடந்தது. எல்லோரும் ஒரே உழைப்பைப் போட்டார்கள். உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்க மூன்று நாடா வேண்டும். பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். ஒரு சேலைக்கு நாள் கணக்கில் உட்கார வேண்டும். இன்றைக்கு டிசைனைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால், எங்கோ ஒரு விசைத்தறியில் கலப்பு நூலில் அதே தோற்றம் இறங்கிவிடுகிறது. விலை பல மடங்கு குறைவு. 'காஞ்சிபுரம் பட்டு' என்று பெயரையும் ஒட்டி விற்கும்போதுதான் நெசவாளர் வயிற்றில் அடி விழுகிறது.

இதற்குத்தான் புவிசார் குறியீடு. 1999-ல் நிறைவேறிய சட்டத்தின் கீழ், 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்கு இந்தக் குறியீடு கிடைத்தது. பலரும் நினைப்பது போல இது டிசைனுக்குப் போட்ட பூட்டு இல்லை. மயில்கண்ணை உலகத்தில் யார் வேண்டுமானாலும் நெய்யலாம். ஆனால், இந்த வட்டாரத்தில், இந்த முறையில் நெய்யாததைக் 'காஞ்சிபுரம் பட்டு' என்று சொல்லி விற்கக் கூடாது. அதாவது டிசைன் பொது, பெயர் காவலில் இருக்கிறது.

ஒரு நெசவாளர் இன்று தன் சொந்தக் கற்பனையில் இதுவரை வராத புது டிசைன் போட்டால் அதற்கு வேறு வழி இருக்கிறது. வடிவமைப்புச் சட்டம் 2000-ன்படி அதைப் பதிவு செய்யலாம். சேலையை விற்பனைக்கு விடுவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். 10 வருடம் பாதுகாப்பு, விரும்பினால் இன்னும் 5 வருடம் நீட்டிக்கலாம். அதன் பிறகு அதுவும் பொதுவுக்கு வந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால், புவிசார் குறியீடும் திறந்த உரிமமும் எதிரெதிர்க் கட்சிகள் போலத் தோன்றினாலும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. இரண்டும் சொல்வது: 'எடுத்ததை எங்கிருந்து எடுத்தாய் என்று உண்மையைச் சொல்.' பெயரை மறைத்தாலும் தப்பு, பொய்ப் பெயர் வைத்தாலும் தப்பு. பெயர் போனால் நெசவாளருக்குக் கூலி போகிறது, எழுத்தாளருக்கு அடையாளம் போகிறது.

வகுப்பறைக்குள் வந்த மாற்றம்

இந்த இயக்கத்தால் அதிகம் பயன் அடைந்தவர்கள் மாணவர்கள்தான்.

2018-ல் தமிழ்நாட்டில் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது பக்கங்களில் க்யூ.ஆர். கோடு இருந்தது நினைவிருக்கும். போனில் ஸ்கேன் செய்தால் 'தீக்‌ஷா' தளத்துக்குப் போகும். அங்குள்ள பாடங்களில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. ஒரு மாவட்ட ஆசிரியர் செய்ததை இன்னொரு மாவட்ட ஆசிரியர் எடுத்து வகுப்பில் பயன்படுத்தலாம்.

குட்டிப் பிள்ளைகளுக்கு 'ஸ்டோரிவீவர்' இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய தளம். தமிழ் உட்பட நூற்றுக்கணக்கான மொழிகளில் படக்கதைகள். 'பெயர் சொல்லுங்கள்' என்ற ஒரே நிபந்தனை. ஒரு கதையை நீங்களே உங்கள் வட்டாரத் தமிழில் மொழிபெயர்த்து, அச்சடித்து அங்கன்வாடியில் கொடுக்கலாம்.

கல்லூரி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் 'என்.பி.டி.இ.எல்.' தளத்தில் கிடைக்கின்றன. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய 10 தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் தமிழ் வளர்ச்சிக் கழகம் திறந்த உரிமத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு நிற்கிறது.

பாடத்துக்காக ஜெராக்ஸ் எடுப்பது பற்றியும் ஒரு பெரிய வழக்கு நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை. பாடத்திட்டத்தில் உள்ள நூல்களின் சில பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. கற்பித்தலுக்காக இப்படி நகலெடுப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது என்று 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்த விதிவிலக்கை உறுதிசெய்தது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. சட்டம் பதிப்பாளருக்கு மட்டும் காவல் இல்லை, படிக்கிற பிள்ளைகளுக்கும் அதில் இடம் இருக்கிறது என்பதைக் காட்டிய வழக்கு இது.

கைலாசநாதர் கோயிலும் உங்கள் போன் கேமராவும்

கி.பி. 700 வாக்கில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்கு வருகிற எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கட்டடத்தையோ, பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்தையோ படம் எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று இந்தியச் சட்டத்தின் 52-ம் பிரிவு சொல்கிறது. (கருவறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்பது கோயில் விதி. அதை மதிக்க வேண்டும்.)

எடுத்த படம் உங்களுக்குச் சொந்தம். அது கேலரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதையே 'விக்கிமீடியா காமன்ஸ்' தளத்தில் திறந்த உரிமத்தில் ஏற்றினால், ஒரு பாடப்புத்தகத்துக்கோ ஆராய்ச்சிக் கட்டுரைக்கோ வேறு மொழி விக்கிப்பீடியாவுக்கோ போகலாம். கீழே உங்கள் பெயர் இருக்கும். மணற்கல்லில் செதுக்கிய அந்தச் சிற்பங்கள் காற்றிலும் மழையிலும் வருடா வருடம் தேய்கின்றன. இன்று எடுத்த தெளிவான படம், 50 வருடம் கழித்து ஒருவருக்கு ஆவணம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

எடுக்கும்போது: படம், பாட்டு, புத்தகம் எதுவானாலும் முதலில் கீழே உரிமம் என்ன என்று பாருங்கள். ஒன்றும் போடவில்லை என்றால் 'எல்லா உரிமையும் அவருக்கே' என்றுதான் பொருள். கேட்டுவிட்டு எடுங்கள்.

பெயர் போடும்போது: 'நன்றி: இணையம்' என்று போடுவது பெயர் போட்ட கணக்கில் வராது. படைப்பின் பெயர், உருவாக்கியவர், எந்தத் தளம், எந்த உரிமம்... இந்த நான்கையும் எழுதுங்கள்.

கொடுக்கும்போது: பாட்டி சொன்ன கதை, அப்பா எழுதிவைத்த ஊர் வரலாறு, ஆசிரியராக நீங்கள் தயாரித்த வினாத்தாள், கோலப் புத்தகம்... கொடுக்க மனம் இருந்தால் கீழே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'என் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 உரிமம்.' உங்களுடையதை மட்டும்தான் இப்படிக் கொடுக்க முடியும். அடுத்தவர் கவிதைக்கு நீங்கள் உரிமம் போட முடியாது.

யோசிக்கும்போது: ஒருமுறை கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை, ஏற்கெனவே எடுத்தவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. எழுத்தையே நம்பிப் பிழைப்பவர் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. ஒரு பழைய புத்தகத்தைத் திறந்துவிட்டு, புதியதை விற்பனைக்கு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

அட்சயபாத்திரம் வந்து சேர்ந்த ஊர்

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு மணிமேகலை எந்த ஊருக்கு வந்தாள் என்று நினைவிருக்கிறதா? மழையில்லாமல் பஞ்சத்தில் வாடிய காஞ்சி மாநகருக்குத்தான். வந்தவர் எல்லோருக்கும் சோறு போட்டாள், பாத்திரம் குறையவில்லை என்கிறது காப்பியம். அந்த 'மணிமேகலை'யை உ.வே. சாமிநாதையர் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி ஒப்பிட்டு 1898-ல் அச்சேற்றினார். அவர் 1942-ல் மறைந்தார். அவருடைய பதிப்புக்கு இருந்த உரிமைக் காலமும் 2002-ம் வருடத்தோடு முடிந்துவிட்டது. காப்பியத்தின் மூலம் மதுரைத் திட்டத்தில் இருக்கிறது. இன்று இரவே உங்கள் போனில் இறக்கிப் படிக்கலாம். நீங்கள் இறக்கியதால் அடுத்தவருக்கு ஒரு வரி கூடக் குறையாது. படித்துவிட்டு யாரிடமாவது சொல்லும்போது, சாத்தனார் எழுதியது, சாமிநாதையர் தேடிக் கொடுத்தது என்று சொல்லிவிடுங்கள்.